மூன்றாவது பீப்பாய்

ஒடிலுக்கு விருந்தாளிகளைப் பிடிக்காது என்றில்லை. அறுவடை முடிந்து, தொட்டிகளில் திராட்சை பொங்கிக்கொண்டிருக்கும் வாரத்தில் வருகிறவர்களைத்தான் பிடிக்காது. ஆனால் பொஜொலே சரிவின் சின்னத் தோட்டக்காரர்கள் சங்கம் கேட்டபோது மறுக்க முடியவில்லை. லியோனிலும் பாரீஸிலும் பெரிய உணவகங்களில் ஒயின் தேர்ந்து பரிமாறும் வேலைக்குப் புதிதாக வந்திருந்த எட்டு இளைஞர்கள், தோட்டம் தோட்டமாகப் போய்ச் சுவைத்துவிட்டுக் கடைசி விருந்துக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

மாலை வெயில் இறங்கும்போது அவர்களை நிலவறைக்கு அழைத்துப் போனாள். போன வருஷத்து ஒயின் அங்கே பன்னிரண்டு பீப்பாய்களில் உறங்கிக்கொண்டிருந்தது. விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது என்பதால் மூன்றாவது பீப்பாயில் கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சி எல்லார் கோப்பையிலும் ஊற்றினாள். பிள்ளைகள் கோப்பையைச் சுழற்றினார்கள், முகர்ந்தார்கள், வாயில் கொப்பளித்துத் தரையோரக் கால்வாயில் துப்பினார்கள். ஒருத்தி செர்ரி என்றாள். ஒருவன் மிளகு என்றான். தித்துவான் என்ற ஒல்லிப் பையன் மட்டும் இரண்டாம் முறையும் மூக்கைக் கோப்பைக்குள் விட்டு எடுத்தான்.

"குதிரை லாயம்," என்றான்.

"என்ன சொன்ன?"

"குதிரை லாயம் மாதிரி வாசனை வருது மேடம். கொஞ்சமாத்தான். ஆனா வருது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒடிலுக்கு முகம் சூடேறியது.

"எந்த ஊரு தம்பி நீ?"

"பிரிட்டனி மேடம். கடலோரம்."

"அதானே பார்த்தேன். பொறந்ததுல இருந்து மீன் வாடையைத் தவிர வேற எதை மோந்திருப்ப? முதல்ல உன் பூட்ஸைக் கழட்டி மோந்து பாரு. லாயம் அங்கதான் இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். தித்துவானின் காது மடல் சிவந்துபோனது. அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவே இல்லை.

அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் ஒடிலும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். பீப்பாய் மரத்தில் கிருமி சேர்ந்து ஒயின் கெட்டால் வரும் வாடை அது; வசந்தத்திலிருந்தே அவளுக்கும் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. பிறகு எந்தப் பீப்பாயைத் திறந்தாலும் இருப்பதுபோல் தோன்ற ஆரம்பித்தது. கணவன் ரெஜிஸைக் கேட்டால், "உனக்குப் பயம் பிடிச்சுக்கிச்சு, ஒயினுக்கு ஒண்ணுமில்ல," என்பான். அவன் சமையல்காரன், நல்ல மனுஷன், ஆனால் அவன் மூக்கை நம்பி ஒரு முட்டைகூட வாங்க முடியாது. ஒரு வருஷத்து உழைப்பு முழுக்கக் கெட்டுவிட்டதோ என்ற நினைப்பை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்தப் பையன் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டான்.

அடுத்து தொட்டிக் கொட்டகை. சிமெண்ட் தொட்டிகளுக்குள் பழம் புளித்து, உள்ளே சமையலறை போல் வெக்கையாக இருந்தது. பிள்ளைகள் கோட்டைக் கழற்றினார்கள். ஒடில் ஏணியில் ஏறி, ஒரு தொட்டியின் மேல்வாயில் எரியும் மெழுகுவர்த்தியை இறக்கிக் காட்டினாள். ஊதாமலே சுடர் அணைந்தது.

"பார்த்தீங்களா? புளிக்கும்போது வர்ற வாயு. மணம் கிடையாது, நிறம் கிடையாது. என் சித்தப்பா உள்ள விழுந்த சக்கை வாருற வாரியை எடுக்கிறேன்னு இதே தொட்டியில இறங்கினாரு. ஏறவே இல்ல. நான் பக்கத்துல இல்லாம யாரும் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டினார்கள். சாப்பாட்டுக்கு நேரம் இருந்தது. குளிக்கிறவர்கள் குளிக்கவும், நடக்கிறவர்கள் நடக்கவும் போனார்கள்.

ரெஜிஸ் பிழிந்த திராட்சைச் சக்கையைப் பெரிய பானையில் பரப்பி, அதன்மேல் சாஸேஜ்களை அடுக்கி ஆவியில் வேகவைத்திருந்தான். வீடெல்லாம் மணந்தது. எல்லாரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தபோது ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"அந்த பிரிட்டனிப் பையன் எங்க?" என்று ரெஜிஸ் கேட்டான்.

தித்துவானோடு ஒரே உணவகத்தில் வேலை செய்யும் மயெலிஸ் சுற்றிலும் பார்த்தாள். "குளிக்கப் போயிருப்பான்னு நினைச்சேன்." போனை எடுத்து அழைத்தாள். ஜன்னலோரம் கிடந்த அவன் பைக்குள்ளேயே மணி அடித்தது.

ஒடில் எழுந்து முற்றத்துக்கு வந்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. "தித்துவான்!" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. எதிரே தொட்டிக் கொட்டகையின் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அவள் கையால் சாத்திய கதவு அது.

உள்ளே ஓடி விளக்கைப் போட்டாள். ஏணிப் படியில் அவனுடைய நீலக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ஏணியில் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. முதல் தொட்டிக்குள் டார்ச்சை அடித்தாள். விளிம்புவரை கறுத்த பழம், வேறொன்றும் இல்லை. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது தொட்டியிலிருந்து காலையில்தான் சாற்றை இறக்கியிருந்தார்கள். சக்கை மட்டும் அடியில் கிடந்தது. மேல்வாய் குறுகல். டார்ச் வெளிச்சம் நடுவில் மட்டும் விழுந்தது. மூலைகள் தெரியவில்லை.

"தம்பி! உள்ள இருக்கியா? பேசுடா!"

தன் குரலே திரும்பி வந்தது. நீளக் கழியை உள்ளே விட்டு ஒரு மூலையைத் துழாவினாள். கழி எதிலோ மெத்தென்று இடித்தது. சக்கையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பூட்ஸைப் பற்றித் தான் பேசியது காதுக்குள் கேட்டது. கோபத்தில் வந்தானா? தனக்கும் தெரியும் என்று காட்ட உள்ளே எட்டிப் பார்த்தானா? அவள் ஒரு காலைத் தூக்கி மேல்வாய்க்குள் வைத்தாள்.

பின்னாலிருந்து ரெஜிஸ் அவள் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தான்.

"கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? காலை எடு!"

"உள்ள இருக்கான் ரெஜிஸ்! விடு!"

"இருந்தாலும் நீ இறங்கக் கூடாது. இறங்கினா ரெண்டு பேரு. காத்தாடியைப் போட்டுட்டேன், தீயணைப்பு ஆளுங்களைக் கூப்பிடச் சொல்லிட்டேன். நான் பிடியை விட மாட்டேன், நீ என்ன கத்தினாலும் சரி."

அவள் கத்தினாள். அவனைத் திட்டினாள். அவன் விடவில்லை. வாயுவை வெளியேற்றும் காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேலாக முற்றத்திலிருந்து மயெலிஸின் குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"மேடம்! வந்துட்டான்! மேடம், இங்க இருக்கான்!"

பக்கத்துத் தோட்டத்து யொலாந்தின் பழைய வேன் முற்றத்தில் நின்றது. முன் இருக்கையிலிருந்து தித்துவான் இறங்கினான். சட்டையெல்லாம் முள் கீறல், பூட்ஸ் முழுக்கச் சேறு.

"ஒடில், இது உன் வீட்டுப் பிள்ளையா?" என்று யொலாந்த் ஜன்னல் வழியே கத்தினாள். "என் கொடி வரிசையில சுத்திக்கிட்டே இருந்துச்சு. எந்த வரிசையில விட்டாலும் என் கோழிக்கூண்டுக்கே வந்து நிக்குது. கோழியெல்லாம் பயந்து முட்டை போடாம போயிடும்னு நானே ஏத்திட்டு வந்துட்டேன்."

ஒடில் ஈர முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தித்துவான் பயந்துபோய் அவள் எதிரே வந்து குந்தினான். அவள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"எங்கடா போன?"

"நடந்துட்டு வரலாம்னு மேடம். சாப்பாட்டுக்குள்ள திரும்பிடலாம்னு நினைச்சேன். எல்லாக் கொடியும் ஒரே மாதிரி இருந்துச்சு."

"கோட்டை ஏன் அங்க விட்ட?"

"கழட்டி மாட்டினேன், மறந்துட்டேன்."

"அப்ப கதவைத் திறந்தது யாரு?"

ரெஜிஸ் தொண்டையைச் செருமினான். "நான்தான். பானைக்குச் சக்கை பத்தலை, அள்ள வந்தேன். மூடினேன்னு நினைச்சேன்."

ஒடிலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பீறிட்டுக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வழிய, தலையை முழங்காலில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தீயணைப்பு ஆட்களுக்கு மறுபடி போன் போட்டு, ஆள் கிடைத்துவிட்டான் என்று ரெஜிஸ் மன்னிப்புக் கேட்டான். யொலாந்தையும் சாப்பிட உட்காரச் சொன்னார்கள்; அவளும் மறுக்கவில்லை.

மேசைக்குத் திரும்பியதும் ஒடில் உட்காராமல் நின்றாள். இவ்வளவு பயந்த பிறகு மற்ற பயத்தை மறைத்து வைப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியது.

"அந்தப் பையன் நிலவறையில சொன்னது நிஜம்," என்றாள். "எனக்கும் ஆறு மாசமா அந்த வாடை வருது. எத்தனை பீப்பாய் போச்சுன்னு தெரியலை. மோந்து மோந்து என் மூக்கு செத்துப்போச்சு. இன்னிக்கு எட்டு மூக்கு என் வீட்டுல இருக்கு. எனக்கு ஒரு உதவி பண்ணுவீங்களா?"

தித்துவான்தான் முதலில் எழுந்தான். "எல்லாத்தையும் கொண்டு வாங்க மேடம்."

பன்னிரண்டு ஜாடிகளில் பன்னிரண்டு பீப்பாயின் ஒயினும் மேசைக்கு வந்தது. எது எந்தப் பீப்பாய் என்று தெரியாதபடி மயெலிஸ் ஜாடிகளை மாற்றி அடுக்கினாள். அடியில் எண் இருந்தது.

"என் சாஸேஜ் ஆறிப்போகுது," என்று ரெஜிஸ் முனகினான்.

"மூக்கை அதுதான் கெடுக்குது, அதைத் தூரமா வை மாமா," என்று ஒருவன் சொல்ல, ரெஜிஸ் பானையை அடுப்பங்கரைக்குத் தூக்கிப்போய் மறுபடி அடுப்பில் ஏற்றினான்.

பிள்ளைகள் இப்போது விளையாடவில்லை. ஒவ்வொரு ஜாடியாக நகர்த்தி, முகர்ந்து, துப்பி, முகத்தைச் சுளித்து, மறுபடி முகர்ந்தார்கள். ஐந்தாவது ஜாடியில் சண்டையே வந்தது. அது லாயம் இல்லை, மரம்தான் என்று மயெலிஸ் அடித்துச் சொன்னாள். தித்துவான் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் முகர்ந்துவிட்டு, "அவ சொல்றது சரி, இது சுத்தம்," என்றான். ஒடில் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் இரண்டு ஜாடிகளை மட்டும் தனியாகத் தள்ளி வைத்தார்கள். எட்டுப் பேருக்கும் அதில் வேறு அபிப்பிராயம் இல்லை. மயெலிஸ் ஜாடிகளைத் தூக்கி அடியைப் பார்த்தாள்.

"மூணு. நாலு."

"மத்தது?" என்று ஒடில் கேட்டாள்.

"மத்த பத்தும் சுத்தம் மேடம்," என்றான் தித்துவான். "சுத்தம் மட்டுமில்ல, ரொம்ப நல்லா இருக்கு. நான் சும்மா சொல்ல மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்."

மூன்றும் நான்கும் போன வருஷம் பழையதாக வாங்கிய பீப்பாய்கள். மற்றவையெல்லாம் அவளிடம் முன்பே இருந்தவை. இத்தனை மாதமாக நெஞ்சில் கல்லைத் தூக்கிக்கொண்டு அலைந்தது இந்த இரண்டுக்காகவா என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு லேசாகிப்போனது. தன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ரெஜிஸ், அந்தப் பானையைக் கொண்டா."

"சாஸேஜ் எல்லாம் வெடிச்சுப்போச்சு."

"வெடிச்சா வெடிச்சுட்டுப் போகட்டும். காலையில இருந்து நான் ஒண்ணும் சாப்பிடலை."

அவன் சாஸேஜும் உருளைக்கிழங்கும் தட்டு நிறைய வைத்தான். பக்கத்தில் யொலாந்த் கோழிக்கூண்டுக் கதையை மூன்றாம் முறையாக, இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தித்துவான் முகம் சிவக்கச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒடில் உருளைக்கிழங்கைப் பிட்டு, குழம்பில் தோய்த்து வாயில் போட்டாள். ருசி தெரிந்தது. இன்னும் வேண்டும் என்று தட்டை நீட்டினாள்.