பாக் வாகிமானின் முன்பல்

இந்தோனேசியாவின் சுரபாயாவில் நடக்கும் பாட்டுக் குருவிப் போட்டிகளில், 'பாக்' என்று எல்லாரும் மரியாதையாக அழைக்கும் வாகிமானின் சீட்டி பிரசித்தம். களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று அவர் ஒரு சீட்டி அடித்தால் போதும், கூண்டுக்குள் அவருடைய சோலைபாடிக் குருவி வாலைத் தூக்கிக்கொண்டு கச்சேரியே நடத்திவிடும். அப்பேர்ப்பட்டவருக்கு முன்பல்லில் சீழ் வைத்து, ஒரு நாள் வறுத்த தெம்பே சோயா வில்லையைக் கடித்தபோது பல் கழன்று அதோடு வந்தது.

மனைவி லஸ்மியையும் இழுத்துக்கொண்டு பல் மருத்துவர் ரெத்னோவிடம் ஓடினார்.

"இன்னிக்கே இம்ப்ளாண்ட் திருகிடுங்க டாக்டரம்மா. ஞாயித்துக்கிழமை போட்டி!"

"சில பேருக்கு உடனே போடலாம், பாக். உங்க வாய்க்கு ஆகாது. ஈறெல்லாம் சீழ். இப்பத் திருகினா அதைச் சுத்தியும் பாக்டீரியா குடியேறிடும், எலும்பு பிடிக்காது. சுத்தம் பண்ணி, ஆறவிட்டு, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

"தினமும் கிராம்பு சிகரெட் புகை போடுறேன். எந்தக் கிருமி தாங்கும்?"

ரெத்னோ அவரை வாயைத் திறக்கச் சொன்னார். ஈறோரம் சுரண்டி எடுத்ததை நுண்ணோக்கியில் வைத்துத் திரையில் காட்டினார். நெளிவதும் துள்ளுவதுமாக ஒரே கூட்டம்.

"ஐயய்யோ, சந்தையே நடக்குது!" என்று லஸ்மி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். "இந்த வாயை வச்சுக்கிட்டா எங்கிட்ட வந்து கொஞ்சுனீங்க?"

கடைசியில் கழற்றி மாட்டும் தற்காலிகப் பல்லோடுதான் போட்டிக்குப் போனார். சீட்டி கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு நின்றவரைப் பக்கத்துக் கூண்டுக்காரர் ஜுமாடி சீண்டினார்.

"என்ன பாக், வாய்க்குள்ள க்ளெபோன் இனிப்பு உருண்டையா?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முழு மூச்சையும் திரட்டி ஊதினார். சீட்டி வரவில்லை, பல்தான் வந்தது. கயிற்றைத் தாண்டிப் பறந்து நடுவரின் சட்டைப்பையில் விழுந்தது. களத்துக்குள் பொருளை எறிந்ததாகச் சொல்லி அவரை வெளியேற்றிவிட்டார்கள்.

அன்றோடு சிகரெட் போனது. காலையும் மாலையும் லஸ்மி டார்ச் அடித்து ஈறைச் சோதித்தாள். டாக்டர் சொன்ன தவணையில் இம்ப்ளாண்ட் திருகியாயிற்று. ஆனால் எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்த பிறகுதான் மேலே பல்லாம். அதற்கு இன்னும் சில மாதங்கள்.

"அதுவரைக்கும் குருவி?" என்று புலம்பினார்.

லஸ்மி உதட்டைக் குவித்து அவருடைய சீட்டியை அச்சு அசலாக அடித்தாள். இத்தனை வருஷமாகக் காதில் விழுந்ததாயிற்றே! சோலைபாடி வாலைத் தூக்கியது.

அடுத்த போட்டியில் கயிற்றோரம் லஸ்மி நின்றாள். மூன்றாம் பரிசு. பல் வந்த பிறகும் அவள் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கூண்டையும் அதை மூடும் துணியையும் சுமந்துகொண்டு பின்னால் போகும் வாகிமான், யார் எதிர்ப்பட்டாலும் புதுப் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்.