பெரியவள்

ஐஸ் பெட்டியின் வயரை வானதி பிளக்கிலிருந்து மூன்றாவது தடவையாகப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டாள். பெட்டியை வேனில் ஏற்றி வந்த ஆள் நிலைப்படியில் நின்று விழித்தான். கரண்டு இல்லை என்று சண்டை போட்ட சாவு வீடுகளை அவன் பார்த்திருக்கிறான். குளிரே வேண்டாம் என்ற வீட்டை இப்போதுதான் பார்க்கிறான்.

"பெட்டிய எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே," என்றாள் வானதி.

"உனக்கென்னக்கா பைத்தியமா?" என்றான் தம்பி செந்தில்குமார். "வைகாசி வெயிலு. நாலு மணிக்கு எடுக்குற வரைக்கும் அம்மா தாங்க வேணாமா?"

"இன்னிக்கு எடுக்க வேணாம். நாளைக்கு விடிஞ்சதும் எடுக்கலாம். அதுவரைக்கும் பெட்டியும் வேணாம்."

கூடத்தில் அம்மா சாவித்திரி வடக்கும் தெற்குமாகக் கிடந்தாள். அன்று காலை ஐந்து மணிக்கு, மகள் கையால் இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள்; மூன்றாவது வாயை விழுங்கவில்லை. அறுபத்தொன்பது வயது. இதயம் பலவீனம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டதால் சாவில் யாருக்கும் பெரிய அதிர்ச்சி இல்லை. அதிர்ச்சியெல்லாம் இந்த வயரில் வந்து நின்றது.

சித்தப்பா பக்கிரிக்குக் கோபம் வந்தால் முதலில் தோள் துண்டுதான் அடி வாங்கும். இரண்டு உதறு உதறிவிட்டு உள்ளே வந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு மாரியம்மனுக்குக் காப்பு கட்டணும். தெருவுல பொணத்தப் போட்டுக்கிட்டு நடைய தொறக்க முடியுமா? காலையிலேருந்து இந்தத் தெருவுல ஒரு அடுப்பு எரியல. சின்னப் புள்ளைங்க பசியில கெடக்குதுங்க. படிச்சவ நீ. இதெல்லாம் நான் சொல்லணுமா?"

"தெரியும் சித்தப்பா. ஒரு நாள்தான் கேக்குறேன்."

"எதுக்குன்னு சொல்லு."

வானதி வயரைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். நன்னிலத்தில் பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிற டீச்சர் அவள். காரணத்தைச் சொன்னால் ஊர் சிரிக்கும். சிரிக்காமல் பயந்துவிட்டால் அது இன்னும் மோசம்.

வினை மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. வானதி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா, ஒரு தாளில் இருந்த விலங்கு செல்லின் படத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, பரங்கிக்காய வெட்டி வெச்ச மாதிரி?"

"நம்ம ஒடம்பு பூரா இதுதாம்மா. கண்ணுக்குத் தெரியாது. கோடி கோடியா இருக்கு."

படத்தில் விரல் வைத்துக் காட்டினாள். வெளியே இருப்பது சவ்வு. எதை உள்ளே விடுவது, எதை வெளியே தள்ளுவது என்று அதற்குத் தெரியும். நடுவில் உட்கரு, இந்த உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் எழுதியிருக்கிறது. இது லைசோசோம், குப்பையைக் கரைக்கிற பை. இந்த நீள நீளமான மைட்டோகாண்ட்ரியாதான் அடுப்பு. தின்ற சோற்றை எரித்துச் சக்தி கொடுப்பது அதுதான். அம்மாவுக்கு அந்த அடுப்பு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"அப்ப ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு குடித்தனம் நடக்குதுன்னு சொல்லு."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். டீச்சர் வாய் சும்மா இருக்குமா? வயிற்றுப் பிள்ளையின் செல்கள் சில தாயின் ரத்தத்தில் கலந்துவிடும், பிள்ளை பிறந்த பிறகும் தாயின் இதயத்திலோ ஈரலிலோ பல வருஷம் உயிரோடு தங்கியிருக்கும் என்று சொல்லிவைத்தாள். கீரை உருவிய கை நின்றது.

"பெரியவளோடதுமா?"

"இருக்கலாம்மா."

பெரியவள் என்பது சாவித்திரியின் முதல் பெண். பெயர் வைப்பதற்குள், ஒன்பதாவது நாள், காய்ச்சலில் போய்விட்டாள். பச்சைப் பிள்ளையை எரிக்கிற வழக்கம் இல்லை என்பதால் வாய்க்கால் கரையில் புதைத்தார்கள். அம்மா வருஷா வருஷம் அங்கே போய்ப் பால் ஊற்றிவிட்டு வருவாள். பிறகு ஒரு கோடையில் தூர் வாரிய இயந்திரம் கரையையே வழித்துக்கொண்டு போனது. பால் ஊற்ற இடமில்லாமல் நின்ற அம்மாவுக்கு வானதி கொடுத்த ஆறுதல்தான் அந்த 'இருக்கலாம்'.

ஆறுதல் என்றுதான் அவள் நினைத்தாள். ஒரு மாதம் போனதும் அம்மா காப்பியை ஆற வைத்துக் குடிக்க ஆரம்பித்தாள். "சூடா எறங்குனா அவளுக்குத் தாங்காது" என்றாள். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பதை விட்டாள். நடுப்பகலில் ஆளில்லாத கூடத்தில் தாலாட்டு மாதிரி ஒரு முனகல் கேட்கும். வானதி எட்டிப் பார்த்தால், நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, "சத்தம் போடாத. இப்பதான் கண்ணசந்தா" என்பாள். வானதி சத்தமில்லாமல் பின்வாங்குவாள்.

"அதுக்கெல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா. நாலஞ்சு செல்லு. அவ்வளவுதான்," என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"நீயும் முதல்ல ஒரே ஒரு செல்லாத்தானேடி இருந்த?" என்றாள் அம்மா.



நேற்றுச் சாயங்காலம் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னைய எரிக்கத்தானே போறீங்க? அவளுக்குச் சுடுமேடி," என்றாள். கேட்டது அதை மட்டும்தான்.

வானதி அழுதாள். அழுகையோடு அழுகையாக வகுப்பில் சொல்கிற பதிலையே சொன்னாள். "மூச்சு நின்னா உள்ள ஆக்சிஜன் போகாதும்மா. ஒவ்வொரு அடுப்பா அணைஞ்சிடும். அப்புறம் சுடாது."

"எல்லாம் அணைய எவ்வளவு நேரமாவும்?"

"ஒரு நாள் ஆகும்."

"அப்ப ஒரு நாள் பொறுத்து எடுங்க. நான் கூடவே இருந்து தூங்க வெச்சிடுறேன். அப்புறம் என்ன வேணாலும் பண்ணிக்குங்க."

சரி என்று அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். குளிரில் வைத்தால் செல்கள் சீக்கிரம் சாகாது என்பதும் அவள் படித்ததுதான். அந்தப் பெட்டிக்குள் போட்டு மூடினால் பிள்ளை இருட்டில் விழித்துக்கொண்டே கிடக்கும் என்று மனம் அடித்துக்கொண்டது. முட்டாள்தனம் என்று தெரிந்துதான் இருந்தது. வயரை மட்டும் கை விடவில்லை.

செந்தில்குமார் அவளைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"என்கிட்டயாவது சொல்லுக்கா. ஊரே என்னையப் பாக்குது."

சொன்னாள். முதலிலிருந்து எதையும் விடாமல் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அடிபைப்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப நாமளும் அம்மாவுக்குள்ள இருக்கோமா?"

"இருக்கலாம்டா."

"எனக்கு நாப்பது வயசாச்சு. எனக்குச் சுட்டா சுட்டுட்டுப் போவுது," என்றான். "அது ஒம்பது நாள் புள்ளக்கா."

முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனான். வானதி கதவோரம் நின்று கேட்டாள்.

"கொள்ளி வெக்கிறவன் நான், சித்தப்பா. காலையில அஞ்சரைக்கு எடுத்துடுவோம். எட்டு மணிக்குள்ள தெருவையே கழுவி விட்டுடுறேன். புள்ளைங்களுக்கு அடுத்த தெருவுலேருந்து சாப்பாடு சொல்லியிருக்கேன். காப்பு கட்டுறதுக்கு ஒரு தடையும் வராது."

"காரணம் என்னடா?"

"அம்மா கேட்டுச்சு. அவ்வளவுதான்."

பக்கிரி துண்டை உதறினார். பிறகு அண்ணி கிடந்த கூடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்னமோ பண்ணித் தொலைங்க. காலையில ஒரு நிமிஷம் தாண்டக் கூடாது," என்றார்.

பிற்பகலில் வெயில் ஓட்டுக்குள் இறங்கியது. சாம்பிராணியும் வேப்பிலையும் போட்டுப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் பெண்கள் ஒவ்வொருவராக முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். வானதி நகரவில்லை. அது என்ன நாற்றம் என்று அவளுக்குத் தெரியும். லைசோசோம் பைகள் உடைந்து, செல்கள் தம்மைத்தாமே கரைத்துக்கொண்டிருந்தன. அம்மாவின் அக்குளில் கை வைத்தாள். இன்னும் கதகதப்பாக இருந்தது. வெயிலின் சூடுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் பயந்தாள். நெஞ்சுக்குக் கீழே, அம்மா எப்போதும் கை வைக்கிற அந்த இடத்தை அவள் தொடவே இல்லை.

விடியற்காலை சொன்னபடி பாடை கிளம்பியது. தெருமுனையில் இறக்கினார்கள். பெண்கள் அதற்கு மேல் போகக் கூடாது. மூன்று சுற்று சுற்றி, கும்பிட்டு, திரும்ப வேண்டியதுதான். மற்றவர்கள் திரும்பினார்கள். வானதி மட்டும் நின்றாள். கொள்ளிச் சட்டியோடு செந்தில்குமார் அவளருகே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"தூங்கிட்டாளாக்கா?"

ஒரு நாள் என்பது முந்தாநாள் அழுகையில் வாய்க்கு வந்த கணக்கு. சில செல்கள் இரண்டு நாள், மூன்று நாள்கூடத் தாங்கும் என்று அவளே படித்திருக்கிறாள். அம்மாவிடம் சொல்லவில்லை. தம்பியிடமும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் பக்கிரி சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வானதி குனிந்தாள். நெஞ்சுக்குக் கீழே, புதுப்புடவைக்கு மேலே கையை வைத்தாள். கை தானாகவே மெல்லத் தட்டியது. நாலைந்து தடவை தட்டிவிட்டுக் கையை மெதுவாக எடுத்தாள்.

"தூங்கிட்டா."

பாடை தோளுக்கு ஏறியது. பறைக்காரர்கள் குச்சியை ஓங்கினார்கள். செந்தில்குமார் அவர்கள் பக்கம் திரும்பி, வேண்டாம் என்று கையைக் காட்டினான். சங்கும் இறங்கியது. எதற்கென்று தெரியாமலே பக்கிரி சித்தப்பா கொளுத்த எடுத்த வெடிச்சரத்தை மறுபடியும் பைக்குள் வைத்தார். காய்ந்த வாய்க்காலின் கரையோடு ஆட்கள் அடி மேல் அடி வைத்துப் போனார்கள்.