மறுபூசை

விடிய இன்னும் ஒரு நாழிகை இருந்தது. நூல் நூற்கும் ரிங் பிரேம்களின் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவள் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஞானபூரணி சுழலும் கதிரை முழங்காலால் அழுத்தி நிறுத்தி, அறுந்த இழையை ஒட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடினாள். வேர்வையில் பஞ்சு படிந்து முப்பத்தாறு வயதிலேயே புருவம் நரைத்திருந்தது. மூக்கைச் சிந்தினால் பஞ்சுதான் வரும். பதினோரு வருஷமாக இதே ஓட்டம்.

ஆறு மணிக்கு இயந்திரங்கள் நின்றன. அன்று ஆயுத பூசை. விடுமுறை என்று பெயர்தான். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பதும் தூசி தட்டுவதும் கோலம் போடுவதும் சம்பளமில்லாத வேலைகள். ஆனாலும் அந்த வேலையை யாரும் முகம் சுளித்துச் செய்ததில்லை. சோறு போடுகிற இயந்திரத்துக்கு வருஷத்தில் ஒரு நாள் பொட்டு வைப்பதில் என்ன குறைந்துவிடும்?

பொன்னுத்தாயி ஒரு பித்தளைத் தாம்பாளத்தோடு வந்தாள். பூரணிக்குப் பக்கத்து வரிசைக்காரி, பத்து வயது மூத்தவள். "எல்லாரும் ஈ.எஸ்.ஐ. கார்டை இதுல போடுங்கடி."

இது அந்த மில்லின் வழக்கம். ஸ்பேனர், கத்தி, எண்ணெய்க் குவளையோடு தொழிலாளர்களின் ஈ.எஸ்.ஐ. கார்டுகளையும் பூசையில் வைப்பார்கள். பல வருஷத்துக்கு முன்னால் பொன்னுத்தாயியின் கை பல்சக்கரத்தில் மாட்டியபோது, அந்தக் கார்டைக் காட்டித்தான் மதுரையில் இரண்டு மாதம் படுத்து மூன்று விரலைக் காப்பாற்றிக்கொண்டாள். அதிலிருந்து, "கார்டும் ஒரு ஆயுதந்தான்" என்று அவள் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

பூரணியும் போட்டாள். வேதக்காரிதான், மாதா கோயிலுக்குப் போகிறவள், ஆனால் பொன்னுத்தாயி அக்கா தாம்பாளத்தை நீட்டும்போது அதெல்லாம் பார்க்க முடியுமா? பூசைக்கு வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று மறுபூசை போட்டுத்தான் எடுக்க வேண்டும். பொரி கடலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை கேட்டில் சங்கிலி போட்டிருந்தது. நஷ்டத்தின் காரணமாக ஆலை மூடப்படுகிறது, தொழிலாளர்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. பசைகூட இன்னும் காயவில்லை. நூற்று நாற்பது பேர் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். உள்ளே நின்ற வாட்ச்மேன் மருது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வேலை போனதைவிடப் பூரணிக்கு வேறொன்றுதான் பெரிய கவலை. அவள் மகள் பெல்சிக்குப் பன்னிரண்டு வயது. தொண்டைக் காய்ச்சலில் தொடங்கி மூட்டெல்லாம் வீங்கி, கடைசியில் இருதய வால்வில் வந்து நின்றது. இருபத்தொரு நாளைக்கு ஒரு ஊசி. தை மாதம் மதுரையில் ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். எல்லாம் அந்தக் கார்டின் பேரில். கொத்துவேலைக்குப் போகும் புருஷன் மரிய அந்தோணியின் கூலியில் ஆபரேஷனைக் கனவுகூடக் காண முடியாது.

ஊசி நாள் வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனாள். மருந்து கொடுக்கும் ரேணுகா அவர்களை நெடுநாளாக அறிந்தவள். ஊசியைப் போட வைத்துவிட்டு, பூரணியைத் தனியே கூப்பிட்டாள்.

"வேலை போயிருச்சுன்னு ஏன் இப்படி ஒடிஞ்சு போறீக? வேலை போனா வைத்தியம் உடனே போகாது. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் உழைச்சிருக்கீகள்ல? அதுக்கு வார ஜனவரியில இருந்து ஜூன் வரைக்கும் வைத்தியம் உண்டு. அது சட்டம்."

"மில்லே இல்லையேம்மா."

"மில்லு இல்லாட்டி என்ன, உழைச்சது உழைச்சதுதான? ஆனா ரெண்டு வேணும். உங்க கார்டு. அப்புறம், அந்த ஆறு மாசம் யாரு யாரு எத்தனை நாள் வேலை பார்த்தாகங்கிற பட்டியலை மில்லுல இருந்து அனுப்பணும். நவம்பர் ரெண்டாவது வாரத்துக்குள்ள போயிரணும்."

பூரணி அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். மறுநாளே பொன்னுத்தாயியும், மில்லில் பிட்டராக இருந்த சங்கச் செயலாளர் முத்தரசுவும், அவளும் பஸ் ஏறிக் கானாடுகாத்தானில் இருந்த முதலாளி குமரப்பன் வீட்டுக்குப் போனார்கள். முகப்பிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"வேலையே இல்லன்னு ஆனப்புறம் வைத்தியம் மட்டும் எங்கேருந்து வரும்? அது மில்லு குடுத்த சலுகை. மில்லு போச்சு, அதுவும் போச்சு."

"சலுகை இல்லைங்க முதலாளி" என்றார் முத்தரசு. "எங்க சம்பளத்துல புடிச்சுக் கட்டினது."

"சட்டம் பேச வந்தீகளா?"

"கார்டு கேட்டு வந்தோம். பூசையில வச்சது பூசையிலயே கிடக்கு" என்றாள் பொன்னுத்தாயி.

குமரப்பன் அவளை விட்டுவிட்டுப் பூரணியைப் பார்த்தார். குரல் குழைந்தது. "உன் மகளுக்குத்தான நெஞ்சுல கோளாறு? பாவம். இந்தா, இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு. உன் கார்டை நானே எடுத்துத் தாரேன், பட்டியல்ல உன் பேரையும் அனுப்பச் சொல்றேன். மத்தவுகளுக்கும் இதே பேச்சுத்தான். ஆளாளுக்குத் தனித்தனியா வந்து போடட்டும்."

திரும்பி வரும் வழியில் முத்தரசு அந்தத் தாளை வாங்கிப் படித்தார். அந்தக் கையெழுத்து எதற்கென்று அவருக்குத் தெரியும். எல்லோரும் தாங்களாக வேலையை விட்டு நின்றுகொண்டார்கள் என்று ஆகிவிட்டால் மில்லைச் சட்டவிரோதமாக மூடியதை யாரும் கேள்வி கேட்க முடியாது. பொன்னுத்தாயிதான் பஸ் நிறுத்தத்தில் பூரணியின் கையைப் பிடித்தாள்.

"போட்ருடி. நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம். புள்ள உசுரு."

பூரணிக்குப் போட்டுவிடத்தான் ஆசை. அதை ஒளிக்க என்ன இருக்கிறது? நூற்று நாற்பது பேரா அவள் மகளுக்கு மூச்சு வாங்கும்போது முதுகைத் தடவிக் கொடுக்கப் போகிறார்கள்? தாளை மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு உலை வைத்தாள்.

பெல்சி அதை எடுத்து எழுத்துக்கூட்டாமல் சத்தமாகப் படித்தாள். "'எவருடைய வற்புறுத்தலுமின்றி நானாகவே வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.'" நிமிர்ந்தாள். "நீயாவா விலகுனம்மா?"

அடுப்பு புகைந்தது. பூரணி தாளை வாங்கிக்கொண்டாள். பதினோரு வருஷம் ஓடிய ஓட்டத்தை ஒரே வரியில் பொய்யாக்கும் தாள் அது. அதுவும் அவள் கையாலேயே. இன்றைக்கு இதை எழுதிக் கொடுத்தால், நாளைக்குப் பொன்னுத்தாயியும் எழுத வேண்டும், காசநோய்க்கு மருந்து சாப்பிடும் தன் புருஷனுக்காக. அதற்கப்புறம் அடுத்தவள். ஆளுக்கொரு நோவு வீட்டில் இருக்கிறது. அதை வைத்தே ஆளாளுக்குத் தனித்தனிக் கதவு வைத்திருக்கிறார் மனுஷன்.

அவள் உலையை இறக்கிவிட்டுப் பொன்னுத்தாயி வீட்டுக்கு நடந்தாள்.

"அக்கா, பூசைக்கு வச்சதை எப்ப எடுக்கணும்?"

"மறுபூசை போட்டு."

"போட்டோமா?"

பொன்னுத்தாயி முறத்தைக் கீழே வைத்தாள். "வேதக்காரி வந்து ஞாபகப்படுத்தணும்னு இருக்கு பாரு எனக்கு" என்றாள்.

மில்லில் வேலை பார்த்த எல்லாருக்கும் இரண்டு நாளில் வீடு வீடாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் விடியலில் மில் கேட்டின் முன்னால் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஆளுக்கொரு தேங்காய், கொஞ்சம் பூ, சூடம். பிள்ளைகளையும், நோயில் கிடந்தவர்களில் நடக்க முடிந்தவர்களையும் கூட்டி வந்திருந்தார்கள். பெல்சி தகப்பன் தோளில் சாய்ந்து நின்றாள். சங்குச் சத்தமில்லாத அந்தக் காலையில் மில் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

எட்டு மணிக்கு முதலாளியின் கார் வந்தது.

"என்ன கூட்டம் இது? போலீஸக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க" என்றாள் பொன்னுத்தாயி. "மறுபூசை போட்டுக் கார்டை எடுக்க வந்தோம்னு அவுககிட்டயும் சொல்றோம். பட்டியல் அனுப்பலங்கிறதையும் சேர்த்துச் சொல்றோம்."

பூரணி முன்னால் வந்து அந்தத் தாளை நீட்டினாள். "இதுல எழுதியிருக்கது பொய் முதலாளி. நான் விலகல. நீங்க பூட்டுனீக."

குமரப்பன் வாங்கவில்லை. கேட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார். "மருது, இவுகளை அங்குட்டுப் போகச் சொல்லு."

மருது நகரவில்லை. பிறகு கேட்டில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, குனிந்து வெளியே வந்து, அதைச் சாத்தினான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"என் கார்டும் உள்ளதாங்க கிடக்கு முதலாளி" என்றான்.

யாரும் கை தட்டவில்லை. பொன்னுத்தாயி நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். குமரப்பன் வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்வதாக முணுமுணுத்துக் காரில் ஏறினார். சங்கிலி அப்படியே தொங்கியது. பட்டியல் போகவேண்டிய கெடுவுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

அவசரத்தில் ஒருத்தர் தேங்காயைத் தரையில் உடைக்க ஓங்கினார். பூரணி அவர் கையைப் பிடித்தாள்.

"இங்க வேணாண்ணே. உள்ள போயி உடைப்போம்."

தன் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு நேராக உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். நூற்று நாற்பது தேங்காயும் உடையாமல் இருந்தன.