ஏழு வெள்ளையும் ஒரு பூச்சியமும்

“ஏழு தடவையும் வெள்ளையா? ஏழு தடவையுமா?”

“மாரியம்மா சொல்றா, நான் என்னடி செய்ய?”

“மாரியம்மா சொல்லல. நீதாம்மா சொல்ற!”

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்தின் வரிசைக் காம்பரா வீடுகளுக்கு நடுவே இருக்கும் சுவர் கூரை வரை போகாது. அதனால் நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. சத்தம் தானாக வந்தது. கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் நான் அதன் பின்னால் போனேன், அவ்வளவுதான்.

சாமி படத்துக்கு முன்னால் பூரணி அக்காவும் மூத்த மகள் பிரேமினியும் நேருக்கு நேர் நின்றார்கள். பௌதிகவியலில் பட்டம் வாங்கிய பிரேமினிக்குக் கொழும்பில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அக்காவோ நோர்வூட்டிலுள்ள தன் அண்ணன் மகன் நிரோஷனுக்கு அவளைக் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். நிரோஷனை யாரும் கேட்கவில்லை. பேச்சு ஓயாததால் பூக்கட்டிப் பார்த்தார்கள். இரண்டு பொட்டலம், வெள்ளைப் பூ வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் படிப்பு. எடுத்தவள் இளையவள் ஜீவராணி. பிரேமினி நம்பவில்லை என்று அம்மா திரும்பத் திரும்பக் குலுக்கிப் போட, ஏழு முறையும் வெள்ளை.

“‘ஏழும் வெள்ளை’ன்னு ரெண்டே வார்த்தையில முடிஞ்சிருச்சே,” என்றாள் பிரேமினி. “நெசமான குலுக்கல் அப்படிச் சுருங்காதும்மா. வெள்ளை, செவப்பு, செவப்பு, வெள்ளைன்னு ஒண்ணொண்ணா முழுசா சொன்னாத்தான் உண்டு. இப்படிச் சுருங்கினா சந்தேகப்படணும்.”

நியாயம்தான். அந்த வீட்டுக் கதையை என்னாலும் ஒருநாளும் சுருக்கிச் சொல்ல முடிந்ததில்லை.

அவள் இரண்டு பொட்டலத்தையும் பிரித்தாள். இரண்டிலும் வெள்ளைச் செவ்வந்தி.

“செவப்பு ரோசா கெடைக்கலடி,” என்றார் அக்கா, முகம் மாறாமல். “பெரிய படிப்புக்காரி, ஒன் படிப்புல குலுக்கலே இல்லையா? அதத்தான் போடேன் பாப்போம்.”

இருக்கிறது என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். படித்த பிள்ளை, வாய் சும்மா இருக்குமா?

“ஒரு ஆய்வுகூடத்துல ஒளித்துகள ஒண்ணொண்ணா ஒரு கண்ணாடி மேல விடுறாங்க. பாதிக்குப் பாதி ஊடுருவிப் போகும், பாதி திரும்பி வரும். எது எந்தப் பக்கம்னு முன்கூட்டி எங்கயும் எழுதியிருக்காது. ஊடுருவினா ஒண்ணு, திரும்பினா பூச்சியம்னு போன்ல பாக்கலாம்.”

“சாமிக்குமா தெரியாது?”

“யாருக்குமே தெரியாது. யாரும் ஏமாத்தவும் முடியாது.”

“சரி. வர்றத ஏத்துக்குவேன்னு மாரியம்மா மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினாள். ஒன்று வந்தால் படிப்பு, பூச்சியம் வந்தால் கல்யாணம்.

லயத்தில் சிக்னல் கிடையாது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஏறினால்தான் உண்டு. மூவரும் ஏறினார்கள். கறிவேப்பிலை இன்னும் கைக்கு வராததால் நானும் ஏறினேன்.

பிரேமினி ஒரே ஒருமுறை அழுத்தினாள். பூச்சியம்.

பூவில் தப்பியவள் பூச்சியத்தில் மாட்டினாள்.

“நெட் வெட்டி வெட்டி வருது. இன்னொரு தடவ...”

“நான் ஏழு தடவ கேட்டா குத்தம், நீ ரெண்டு தடவ கேக்கலாமோ?” என்றார் அக்கா. அந்தக் குரலில் இருந்த குளிர்ச்சி அந்த மலைக்கே கிடையாது.

பிரேமினி ஈரச் சிமெந்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“பூவுன்னா ஒன்னோட சண்ட போட்டிருப்பேன்,” என்றாள் மெதுவாக. “இத யாருமே எழுதலையேம்மா. நான் யாரோட சண்ட போடுறது?”

அக்கா முந்தானையை உதறிக்கொண்டு லயத்தைப் பார்த்து இறங்கினார். நானும் கறிவேப்பிலையைக் கேட்காமலே பின்னால் இறங்கினேன்.

ஆவணியில் கல்யாணம். கொழும்பு இடம் வேறு யாருக்கோ போயிற்று. பிரேமினி இப்போது நோர்வூட்டில், நிரோஷன் வீட்டில்; பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஜீவராணிக்கு மாப்பிள்ளை தேட அக்கா வாயெடுப்பதற்குள், அவள் தான் விரும்பிய கிஷாந்தை ஹட்டனில் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு வத்தளைக்குப் போய்விட்டாள். பூவையும் கேட்கவில்லை, போனையும் கேட்கவில்லை.