பதினாறாம் இலக்க வீட்டில் வசிப்போர்

பேர்ன் நகரத்தில், பெரிய மரங்கள் நிற்கிற ஒரு தெருவில், பதினாறாம் இலக்க வீடு தயாநிதியை ஆறு வருடமாக வெளியே விடவில்லை. வாசலைத் தாண்டினால் மறுபடி விறாந்தைக்குள் நிற்பார். ஜன்னலால் குதித்தால் குசினிக்குள் அடுப்படியில் விழுவார். தீயணைப்புக்காரர் வந்து கதவைக் கழற்றியும் பார்த்தார்கள், சரிவரவில்லை.

அந்த வீட்டை ஒரு நாட்டின் தூதரகம் வாங்கியிருந்தது. தெருவோ குடியிருக்க மட்டும் ஒதுக்கிய தெரு, கந்தோர் நடத்தக் கூடாது. தூதரகம் எல்லா மாடியிலும் மேசை போட்டு விசா கொடுத்தது. நகரத்தின் கட்டட அலுவலகம் இரண்டு கடிதம் போட்டு, மூன்றாவதில் நேரே வருவதாக எழுதியபோது, தூதரகச் செயலாளர் அங்கே துப்புரவு வேலை செய்த தயாநிதியைக் கூப்பிட்டு, கீழ்மாடியில் மூன்று நாள் குடியிருக்கிற மாதிரி இருக்கச் சொன்னார். கட்டில் வந்தது, திரைச்சீலை வந்தது, தபால்பெட்டியில் அவர் பெயரும் வந்தது. நடிப்புக்குத்தான். ஆனால் யாழ்ப்பாணத்து மனிசனுக்குப் புதுவீட்டில் பால் காய்ச்சாமல் படுக்க மனம் கேட்கவில்லை. ஒரு லீற்றர் வாங்கிக் கிழக்கால் பொங்கி வழியவிட்டார். வீட்டுக்கு அது போதுமாக இருந்தது. குடித்தனக்காரன் வந்துவிட்டானென்று பிடித்துக்கொண்டது.

கட்டட அலுவலகத்து அம்மா வந்து அறைகளை அளந்தார். தயாநிதியை நாலு தரம் வெளியே போகச் சொல்லிப் பார்த்தார். உண்மையான குடியிருப்பு என்று எழுதி, அவர் இருக்கும்வரை மேல்மாடிகளைத் தூதரகம் பாவிக்கலாமென்று கையெழுத்து வைத்தார். தூதரகம் சந்தோசத்தில் கிழமைக்கிழமை சாமான் வாங்கிக் கொடுத்தது.

மனைவி பிரபாலினி துன் நகரத்து ஹோட்டலில் கட்டில் விரிக்கிறவள். ஞாயிறுதோறும் ரயிலேறி வந்து, நடைபாதையில் நின்று ஜன்னலோடு கதைப்பாள்.

“ஒரு தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்திருக்கலாமே. ஆர் உங்களைப் பால் காய்ச்சச் சொன்னது?”

“பழகிப்போச்சு, என்ன செய்ய.”

“இந்த நாட்டில இருக்கிற பெர்மிற்றுக்குப் பத்து வருசம் அலைஞ்ச மனிசன். இப்ப தூதரகத்துக்கே பெர்மிற் நீங்கள்தான்.”

உள்ளே வரட்டோ என்று கேட்கும்போதெல்லாம் அவர் மறித்தார். “வந்தால் உம்மையும் குடித்தனமெண்டு வீடு பிடிச்சிடும், நீரும் போகேலாது. வேலையும் போயிடும். வராதையும்.”

ஆறாவது குளிர்காலத்தில், பனிக்குள் நின்று நின்று அவளுக்குக் கால்விரல்கள் மரத்துப்போயின. அடுத்த ஞாயிறு இரண்டு சூட்கேசோடு வந்தாள். தயாநிதி ஜன்னலில் நின்று இரண்டு கையாலும் வேண்டாமென்றார். கதவு தானாகத் திறந்தது.

“சப்பாத்தை எங்க கழட்டுறது?” என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை குப்பைப் பையோடு வெளியே போனவள், பையோடு விறாந்தையில் வந்து நின்றாள். பிறகு பையை ஓரமாக வைத்துவிட்டு அரிசி கழுவப் போனாள். கட்டட அலுவலகம் அந்த மாதமே பதிவைத் திருத்தியது: வசிப்போர், இருவர்.