கால்சியம் டப்பா

ஏழு மாத வயிற்றோடு, பிழைக்க வந்த வடக்கத்திய ஊரான கராடியில் ஒரு கம்பெனியின் மாடிப்படிகளை எல்லாம் துடைத்துவிட்டு வந்த பவுனுக்கு இடுப்பு இற்று விழுவதுபோல வலித்தது. ராத்திரி மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுக்கலாம் என்று டப்பாவைத் திறந்தாள். அடியில் நாலைந்துதான் கிடந்தன. மாதம் பாதிகூட ஆகவில்லை.

மாமியார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். “உன் கால்சியத்த நானும் தெனம் ரெண்டு போடறன்டி. முட்டிவலி எவ்வளவோ பரவால்ல. எதிர்வீட்டு ஆயிக்கும் குடுக்கலாம்னு இருக்கேன்.”

பவுன் டப்பாவைச் சட்டென்று மூடினாள். டப்பாவில் இருந்தது கால்சியம் இல்லை, எச்.ஐ.வி. மாத்திரை. வயிற்றுப் பிள்ளைக்குத் தொற்றாமல் காப்பது அதுதான். தனக்கும் புருஷன் சின்னதுரைக்கும் நோய் இருப்பதை அவர்கள் கிழவியிடம் சொன்னதில்லை.

மொட்டைமாடிக்குப் போய் அந்தோணியம்மாளுக்குப் போன் போட்டாள். அதே நோயோடு, நோயில்லாத இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள் அவள். ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட கர்ப்பிணிகளுக்குத் துணை நிற்பதுதான் அவள் வேலை. மாத்திரையைக் கால்சியம் டப்பாவில் மாற்றி வைக்கச் சொன்னதும் அவள்தான்.

“என் புத்திய செருப்பால அடிக்கணும்” என்றாள். “டப்பாவ இடுப்புல செருகிக்க. காலையில மாமியாரையும் இழுத்துட்டு வா. கிட்னிக்கு ஒண்ணும் ஆகலியான்னு டாக்டர் பாக்கட்டும்.”

“தெரிஞ்சா தொரத்திடும்க்கா.”

“தொரத்தினா என் வீட்ல வந்து படு. மாத்திரை மட்டும் நிக்கக்கூடாது.”

காலையில் ஆஸ்பத்திரியில், மாமியாரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு பவுனும் அந்தோணியம்மாளும் உள்ளே போனார்கள்.

“இத்னி ஜல்தி கைஸே கதம்?” எப்படி இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்று கேட்டாள் நர்ஸ். விற்றுவிட்டாயா என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

“என் தப்பு, சிஸ்டர்” என்று அந்தோணியம்மாள் குறுக்கே புகுந்து, நடந்ததை இந்தியில் ஒன்றுவிடாமல் சொன்னாள். நர்ஸ் இருவரையும் திட்டினாள். திட்டிக்கொண்டே புது மாத்திரையை எடுத்து வைத்தாள்.

“எனக்கு எதுக்குடி ரத்தம் எடுக்கணும்?” என்றாள் மாமியார்.

“புள்ளத்தாச்சி மாத்திரையத் தின்னா எடுக்காம? ஆரக் கேட்டுத் தின்னீங்கம்மா?” என்றாள் அந்தோணியம்மாள்.

“ஏன், எனக்கும் பொறந்துடப்போவுதா?” கிழவி சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, கையை நீட்டினாள். “எடுத்துக்க. பேரப்புள்ளைக்கு உள்ளதத் தின்னுட்டனே, பாவி.”

சிறுநீரகத்தில் குறையில்லை என்றார்கள். வெளியே வந்ததும், “குனியாதடி” என்று பவுனின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கிழவி பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் நடந்தாள்.

அவள் தின்றது என்ன மாத்திரை என்று பவுன் சொல்லவில்லை. அந்த உண்மை மாமியாருக்கு அவள் பட்ட கடன். இன்னும் தீர்க்கவில்லை.