ஒரு ஆள் எடை

ஊரை விட்டுப் போகிறவளுக்கு நாமே படகு கட்டிக் கொடுக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? சத்யா அதைக் கேட்ட அன்று நான் சோற்றுக் குண்டானைக் கொஞ்சம் சத்தமாகவே இறக்கி வைத்தேன். என் வீட்டுக்காரர் கோபால், ஏரிக்கரையில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். உடைந்ததையே சரி பண்ணி அலுத்துப்போன மனிதரிடம் புதிதாக ஒன்று கட்டித் தாருங்கள் என்றால் விடுவாரா? "கட்டிட்டா போச்சு" என்று முகமெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டார்.

சத்யா கோபிசெட்டிபாளையத்துக்காரி. கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, ஒரு சைக்கிளையும் இரண்டு பைகளையும் வைத்துக்கொண்டு ராமேஸ்வரத்திலிருந்து கடலோரமாகவே ஊர் ஊராக வந்துகொண்டிருந்தவள். பூநாரை பார்க்கத்தான் எங்கள் ஊர் தோணிரேவுக்கு வந்தாள். வந்த இடத்தில் காய்ச்சல். எங்கள் வீட்டில் படுத்தாள், கஞ்சி குடித்தாள். காய்ச்சல் போனது, அவள் போகவில்லை. கோடையில் பூநாரைகளே போய்விட்டன, இவள் இருந்தாள்.

பகலில் எங்களோடு ஏரியில் இறங்குவாள். எங்கள் வீடுகளில் வலை கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் தவழ்கிற மாதிரி போய், சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்போம். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி, அதன் கயிறு பல்லுக்கு நடுவில். ஆக, வேலை நேரத்தில் வாய் திறக்க முடியாது. சத்யாவுக்கோ பேசாமல் இருக்க முடியாது. "கலைக்கா" என்று அவள் வாயைத் திறப்பதும், பறி மிதந்து போவதும், பின்னாலேயே அவள் ஓடுவதுமாக எத்தனை நாள் கூத்து! சிரித்துச் சிரித்து நான் குடித்த உப்புத் தண்ணீருக்குக் கணக்கில்லை. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு நாத்தனார்கள் உண்டு, ஓரகத்திகள் உண்டு, கூட வேலைக்கு வருகிறவர்கள் உண்டு. சிநேகிதி என்று ஒருத்தி வந்தது இவள்தான்.

அவள்தான் இப்போது படகு வேண்டும் என்கிறாள். ஏரியை வடக்கே கடந்து, கால்வாய் வழியாக ஆந்திராவுக்குள் போக வேண்டுமாம். சைக்கிளில் போனால் ரோடுதான் தெரிகிறதாம். ஐப்பசி மழைக்கு முன்னால் கிளம்ப வேண்டுமாம்.

கோபாலின் கொட்டகையில் வேலை ஆரம்பித்தது. பிளைவுட்டை அறுத்து, ஓரங்களில் துளை போட்டு, துணி தைக்கிற மாதிரி கம்பியால் தைத்து இழுத்தால் படகு உருவம் வந்துவிடும். அதன்மேல் பைபர் பாய் விரித்து ரெசின் பசை பூச வேண்டும். ரெசின் கலக்குவது என் வேலை. அதை இறுக வைக்கச் சேர்க்கிற மருந்து ஒரு சொட்டு அதிகமானாலும் மக்கிலேயே கல்லாகிவிடும். பைபர் தூள் பட்டு உடம்பெல்லாம் அரிக்கும். சாயங்காலத்தில் நானும் அவளும் ஒருவர் முதுகை ஒருவர் சீப்பால் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது, அதுதான் கஷ்டம். அது எவ்வளவு ஜோராக நடக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அவள் போய்விடுவாள்.

ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"இங்க இன்னாடி கொறை உனக்கு?"

"ஒரு கொறையும் இல்லீங்க்கா."

"அப்புறம் இன்னாத்துக்குப் போறே?"

சீப்பை நிறுத்தினாள். "போறது புடிச்சிருக்குக்கா. உங்களையும் புடிச்சிருக்கு. ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்க எனக்குத் தெரியல."

"நல்லா கீழ சொறி" என்று முதுகைக் காட்டினேன்.

புரட்டாசியில் படகைத் தண்ணீரில் இறக்கினோம். மஞ்சளும் குங்குமமும் நான்தான் வைத்தேன். பச்சைப் பெயிண்டில், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சத்யா பின்பக்கம் ஏறி நின்று கழியை ஊன்றினாள். உடனே படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. காற்று அந்த மூக்கைத் தள்ள, படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. முன்பக்கம் போய் உட்கார்ந்தாள். இப்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டது. கரையில் நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவில் உட்காரலாம் என்றால், நடுவில் இறால் போட ஒரு பெட்டி!

"அண்ணா, இது ரெண்டு பேருக்குக் கட்டியிருக்கீங்க" என்றாள் சத்யா. "நான் ஒருத்திதான்னு சொன்னேனுங்களே."

"சொன்னே. அதான் சின்னதா ரெண்டாளு போட்டு கட்டிக் குடுத்தேன்."

அவர் கேலி பேசவில்லை. எங்கள் கரையில் ஒரு படகு என்றால் எத்தனை ஆள் என்றுதான் கேட்போம், அந்தக் கணக்கு இரண்டில்தான் தொடங்கும். ஒருத்தர் தண்ணீரில் இறங்கித் தடவினால், இன்னொருத்தர் கழியோடு படகைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று அதைக் கொண்டுபோய்விடும். ஒற்றை ஆள் படகைக் கோபால் பார்த்ததே இல்லை. சத்யா போனில் காட்டிய படத்தில் அவர் பலகையின் வளைவைத்தான் பார்த்திருக்கிறார், ஆள் கணக்கைப் பார்க்கவில்லை.

"பெட்டியைப் பேத்துட்டு நடுவுல பலகை போடலாம். ஆனா அதான் ரெண்டு பக்கத்தையும் சேத்துப் புடிச்சினு கீது. எல்லாத்தையும் அறுத்து மறுபடி பாய் போடணும். ஈரக் காத்துல ரெசின் புடிக்காதும்மா. பொங்கல் கழிச்சிப் பாத்துக்கலாம்" என்றார் கோபால், தலையைச் சொறிந்துகொண்டு.

பொங்கல்! என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. புருஷன் செய்த தப்புக்கு மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன். சத்யா ஏரியை ஒரு தடவை பார்த்தாள். "சரிங்கண்ணா" என்றாள்.

அன்று நண்டுக் குழம்பு வைத்தேன். "நல்லாருக்குக்கா" என்று சொல்லிச் சாப்பிட்டாள். அடுத்த நாளும் அதே "நல்லாருக்குக்கா". ஏரிக்கு வந்தாள், கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒழுங்காக வேலை பார்த்தாள். பறி ஒரு தடவைகூட மிதந்து போகவில்லை. கூப்பிட்டால் வந்தாள், கேட்டால் பதில் சொன்னாள். காய்ச்சலில் படுத்திருந்தபோது கொடுத்த கஞ்சியை எப்படிக் குடித்தாளோ, அப்படி எங்களோடு இருந்தாள். வீடு அவளுக்கு ஆஸ்பத்திரி ஆகிவிட்டது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மேல்தான் என்று முதலில் நினைத்தேன். ஒரு காலை நேரம், உலையில் அரிசியைப் போட்டவள் அடுப்பை அணைத்துவிட்டு நேராகக் கரைக்குப் போய், அந்தப் பச்சைப் படகைத் தண்ணீரில் தள்ளி முன்பக்கம் ஏறி உட்கார்ந்தேன்.

"ரெண்டு பேரும் வாங்க இங்க!" என்று கத்தினேன்.

கோபாலும் சத்யாவும் பயந்துபோய் ஓடி வந்தார்கள்.

"ஏறுடி பின்னால."

சத்யா ஏறினாள். படகு சமமாக நின்றது.

"நான் ஒக்காந்தா நேரா நிக்குதா இல்லியா? அப்ப என் எடைக்கு மூட்டையைப் போட்டு அனுப்ப வேண்டியதுதானே. பொங்கலாம் பொங்கல்!"

கோபால் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இது எனக்குத் தோணலியே" என்றார். அப்புறம் பென்சிலை எடுத்துத் தண்ணீர் ஏறியிருந்த இடத்தில் கோடு போட்டார். நான் இறங்கினேன், மூக்கு தூக்கியது. கரையில் குவிந்து கிடந்த கிளிஞ்சலைச் சாக்கில் அள்ளி, நான் உட்கார்ந்திருந்த பலகையில் ஏற்றினார்.

"இன்னும் போடுய்யா. நான் இன்னா அவ்ளோ ஒல்லியா?"

கோடு தண்ணீரைத் தொட்டது. சத்யா கழியை ஊன்றினாள். நான் இருந்தபோது எப்படிப் போயிற்றோ அப்படியே போனது படகு. ஒரு ஆட்டம், ஒரு தடுமாற்றமாவது இருந்திருக்கக் கூடாதா? என் யோசனைதான், ஆனாலும் என் இடத்தில் சாக்கு உட்கார்ந்து போவதைப் பார்க்க எனக்கு வலித்தது.

ஒரு சுற்று போய்விட்டுத் திரும்பி வந்து இறங்கினாள்.

"நீங்க சொல்லலீன்னா பொங்கல் வரைக்கும் இருந்திருப்பேன்க்கா."

"தெரியும்டி."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"நீ இருக்கணும்னுதான் ஆசைப்பட்டேன். இருந்து தொலைக்கணுமேன்னு இருக்கறவளை வெச்சினு நான் இன்னா பண்றது?"

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஈரமும் ரெசின் வாசமுமாக இருந்தாள். நான் அழவில்லை.

கிளம்பிய அன்று காற்று சாதகமாக இருந்தது. அரிசி, தண்ணீர் கேன், கருவாடு எல்லாம் ஏற்றிக் கொடுத்தோம். அந்த எடைக்குக் கிளிஞ்சலைக் குறைத்தார் கோபால். சைக்கிளை அவரிடமே விட்டுவிட்டாள். அவர் கரையிலேயே நின்றுகொண்டார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, படகின் விளிம்பைப் பிடித்தபடி கூடவே ஏரிக்குள் நடந்தேன். எங்கள் ஏரியில் வெகுதூரம் நடக்கலாம். சாப்பாட்டைப் பற்றி, கழியைப் பற்றி, ஆந்திராக்காரர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது பற்றியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

"போதும்க்கா, ஆழம் வருது" என்றாள்.

"எனக்குத் தெரியாத ஆழமாடி?" என்று அதட்டினேன்.

தண்ணீர் மார்புக்கு வந்தது, அப்புறம் கழுத்துக்கு. கால் தரையில் பாவாமல் நான் விளிம்பில் தொங்கினேன். படகு என் பக்கமாகச் சாய்ந்தது, தண்ணீர் உள்ளே வரப் பார்த்தது. சத்யா கழியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். விடு என்று அவள் சொல்லவில்லை.

நான்தான் கையை எடுத்தேன். படகு நிமிர்ந்து நேராகப் போனது.